தமிழாய்வுத் தரவுகளும் திறந்த அறிவியலும்: பல்கலைக்கழகங்களின் பங்கு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நூல்களையும் ஆய்வு முடிவுகளையும் பொதுவில் வைக்கும் பணி நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அப்பணியின் பெரும்பகுதி தனிப் பதிப்பாசிரியர்கள், தன்னார்வலர்கள், அரசு, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆகியோரால் நிறைவேறியது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பங்கு, பேரகராதிக்குப் பின்னர், பெரிதும் ஆய்வேட்டு ஒப்படைப்பு என்ற அளவிலேயே நின்றுள்ளது. முடிவுகளுக்கு அடிப்படையான தரவுகளைத் திறந்துவைப்பதே இன்று பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ள வேண்டிய முதற்பணி என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திறந்த அறிவியல், திறந்த அணுக்கம், பதிப்பு வரலாறு, ஆய்வேட்டுக் களஞ்சியம், ஒருங்குறி, ஆய்வுத் தரவு

முன்னுரை

சென்னையின் தென்பகுதியில், அடையாற்றின் கரையிலிருந்து பெரும்பாக்கம் வரையிலான சில கல் தொலைவுக்குள் தமிழாய்வின் மூலங்கள் குவிந்துகிடக்கின்றன. அடையாறு நூலகம் 1886இல் தோன்றியது. பெசன்ட் நகரில் உ.வே. சாமிநாதையர் நூலகமும், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமும், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. இவ்வரிசையின் தென்கோடியில், பெரும்பாக்கம் செம்மொழிச் சாலையில், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் அமைந்துள்ளது. தமிழ் 2004 அக்டோபரில் செம்மொழியாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து மைசூரில் ஒரு மையமாகத் தொடங்கி, 2008இல் சென்னைக்கு வந்து, வாடகைக் கட்டடங்களில் இயங்கிய அந்நிறுவனத்தின் சொந்தக் கட்டடம் 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் நூலகத்தில் 45,000க்கு மேற்பட்ட நூல்கள் இருப்பதாக அப்போது அறிவிக்கப்பட்டது.

மேற்கூறியவற்றுள் ஒன்றுகூடப் பல்கலைக்கழகம் அன்று. தமிழாய்வாளர் தம் மூலத்தைத் தேடிப் பல்கலைக்கழகத்திற்கு வெளியே செல்வதே வழக்கமாகிவிட்டது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. திறந்த அறிவியல் பற்றிய இன்றைய விவாதத்தில் பல்கலைக்கழகம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவ்வரலாறே தெளிவாக்கும்.

யுனெஸ்கோவின் பொது மாநாடு 2021 நவம்பரில் ஏற்றுக்கொண்ட திறந்த அறிவியல் பரிந்துரை, 'அறிவியல்' என்பதை இயற்பியல், வேதியியல் போன்ற துறைகளோடு நிறுத்தவில்லை. சமூக அறிவியலையும் மானுடவியற் புலங்களையும் உடன் சேர்த்தே பேசுகிறது. ஆய்வுக் கட்டுரை, தரவு, மென்பொருள், ஆய்வுமுறை, மதிப்பாய்வு ஆகிய அனைத்தும் யாவருக்கும் கட்டணமின்றிக் கிடைத்தலும், மறுபயன்பாட்டிற்கு இடமளித்தலும் அதன் உள்ளடக்கம். கட்டுரை மட்டும் இலவசமாகக் கிடைப்பது 'திறந்த அணுக்கம்'. அது இதன் ஒரு பகுதியே. தமிழ்த்துறைகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. இக்குழப்பம் சொல்லளவில் நிற்பதில்லை. நடைமுறையையும் அது தீர்மானிக்கிறது.

பதிப்பாசிரியர்கள் வகுத்த நெறி

சி.வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். ஆயினும் அவர் வீரசோழியத்தையும் (1881) கலித்தொகையையும் (1887) பதிப்பித்தபோது அப்பல்கலைக்கழகத்தின் துணையோடு செய்யவில்லை. உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகியவையும் கல்லூரிப் பணிக்கிடையே தம் சொந்த முயற்சியால் வெளிவந்தவையே. அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே 'கையொப்பம்' வாங்குவது அக்கால வழக்கம். நூல் வருமுன் பலர் சிறு சிறு தொகை தந்து பதிப்பைத் தாங்கினர்.

நம் பொருளுக்கு முதன்மையானது அவர்கள் பின்பற்றிய முறை. ஐயர் தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகளை, அவற்றைக் கொடுத்தவர் பெயரோடும் ஊரோடும் முகவுரையில் பட்டியலிட்டார். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். தெளிவாகாத இடங்களைத் தெளிவாகவில்லை என்றே எழுதினார். ஒரு பாடத்தை ஏன் ஏற்றார் என்பதை வாசகர் தாமே சோதித்துப் பார்க்க இது வழிசெய்தது. முடிவோடு சான்றையும் சேர்த்துத் தருதல் என இன்று வலியுறுத்தப்படும் நெறி இதுவே. சான்றைத் தந்தாலன்றிப் பதிப்பு நம்பப்படாது என்ற உணர்வு, திறந்த அறிவியல் என்ற தொடர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில் வேரூன்றிவிட்டது. பின்னாளில் வந்த மலிவுப் பதிப்புகள் அடிக்குறிப்புகளை நீக்கிவிட்டு மூலத்தை மட்டும் அச்சிட்டதும் நாம் அறிந்ததே. அவை நூலைப் பரப்பின, சான்றை மறைத்தன.

பேரகராதி: பல்கலைக்கழகம் செய்த ஒன்று

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பணி 1913இல் ஜே.எஸ். சாண்ட்லரின் தலைமையில் தொடங்கிற்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. அனுபந்தம் 1939இல் முடிந்தது. 1926 முதல் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்தார். ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்களும், அனுபந்தத்தில் 13,357 சொற்களும் இடம்பெற்றன. ஒரு தனிமனிதரோ சங்கமோ தாங்க முடியாத பணியை, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தலைமைகள் மாறியபோதும் கைவிடாமல் ஒரு பல்கலைக்கழகம் முடித்தது. பேரகராதியின் குறைகளைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுள்ளது. பல்கலைக்கழகம் என்ற அமைப்பின் தனி வலிமை தொடர்ச்சியே என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழில் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் அப்பேரகராதி இணையத்தில் உலகம் முழுவதும் தேடிப் பயன்படுத்தும் வடிவம் பெற்றது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் திட்டத்தின் வழியாக. பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகமும் அதை வழங்கியது. ஆக்கிய பல்கலைக்கழகம் ஒன்று, திறந்துவைத்தவர்கள் வேறு. வையாபுரிப் பிள்ளை திரட்டிய நூல்களும் சுவடிகளும் கொல்கத்தா தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பேரகராதியை உருவாக்கிய நகரில் அவற்றுக்கு இடம் கிட்டவில்லை.

வெளியே நடந்தவை

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய ஒரு இலட்சம் அளவிலான நூல்களையும் இதழ்களையும் பிற அச்சுப் பொருள்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிச் சென்னையிலேயே இருக்கச் செய்தது. 1994இல் அவர் பெயரால் நூலகம் எழுந்தது; நுண்படச் சுருள்களில் பதிவு தொடங்கி, பின்னர் மின்வடிவத்திற்கு மாறியது.

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. அதன் ஒருங்கிணைப்பாளர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புத் திருத்தி, யாவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிட்டனர். தலைப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் பகிரலாம் என்பது அதன் உரிம விதி. அந்தத் தலைப்புப் பக்கத்தில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். ஏடு கொடுத்தவர் பெயரை முகவுரையில் குறித்த ஐயரின் மரபு இங்கே தொடர்வதைக் காணலாம். எழுத்துருக் குழப்பம் மிகுந்த அக்காலத்தில் இணைமதி, மயிலை, தகுதரம் எனப் பல வடிவங்களைக் கடந்து ஒருங்குறிக்கு அத்திட்டம் மாறியது. இம்மாற்றத்திற்குச் செலவான உழைப்பு பெரிது. அவ்வுழைப்பே அந்நூல்களை இன்றும் தேடத்தக்கனவாக வைத்திருக்கிறது.

ஈழத்தில் 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறு படி இல்லாதவையும் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பின்னணியில் இந்நினைவு உண்டு. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் ஆவணத்தைப் பாதுகாக்கப்பட்டதாகக் கருத இயலாது என்பதை ஈழத் தமிழர் பட்டு அறிந்தனர்.

அரசின் பங்கையும் குறிப்பிட வேண்டும். பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றுப் பின்னர் பொதுவாக்கியது. அதன் வழியில் நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்கி, மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை அளித்துவருகிறது தமிழ்நாட்டு அரசு. படைப்பாளரின் குடும்பத்திற்கு ஈடு தந்து, நூலைப் பொதுவுக்குத் திறக்கும் இம்முறை, திறந்த அணுக்கத்தைப் பற்றிப் புடாபெஸ்டு அறிக்கை (2002) பேசுவதற்கு அரை நூற்றாண்டு முற்பட்டது. ஆயினும் அதன் பயனைப் பெற்றவை பெரும்பாலும் படைப்பிலக்கியங்களே. பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்து, மறுபதிப்பின்றிக் கிடங்கில் உறங்கும் ஆய்வு நூல்களுக்கு நாட்டுடைமை என்ற பேச்சே எழவில்லை.

தரமணி: இரு வேறு முன்மாதிரிகள்

இந்தியாவில் நிறுவனக் களஞ்சியம் என்ற அமைப்பு 2002இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் தொடங்கியது. 2004 மே மாதத்தில் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய களஞ்சியங்களை அமைப்பதற்கான பயிலரங்குகளை நடத்தியது. அதன் பின்னிருந்தவர் சுப்பையா அருணாசலம். திறந்த அணுக்கத்திற்காக இந்தியாவில் நெடுங்காலம் வாதாடியவர். அருகிலேயே கணித அறிவியல் நிறுவனம், இயற்பியல், கணிதக் கட்டுரைகளின் முன்வரைவுகளைத் தாங்கும் ஆர்க்கைவ் தளத்தின் இந்தியப் படியை நடத்தியது. 2006இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் தம் ஆசிரியர்கள் கட்டுரைகளை ஒப்படைத்தே ஆக வேண்டும் என விதித்தது. 2014 டிசம்பரில் மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தம் நல்கையில் விளைந்த கட்டுரைகளுக்கு அவ்வாறே கொள்கை வகுத்தன. தமிழ்த்துறைகளின் நல்கைகள் அக்கொள்கையின் எல்லைக்குள் வருவன அல்ல. தரமணியில் ஒரு தெருவில் நடந்த விவாதம் அடுத்த தெருவின் தமிழாய்வை எட்டவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பு, பொறிப்புகளின் பாடங்கள், சொல்லடைவு, அட்டவணைகள் ஆகிய மூன்றையும் கொண்டது. தம் வாசிப்பை நிலைநாட்டும் முன், தம்மை மறுக்கவிருப்போருக்கும் பயன்படும் தரவை அவர் கையளித்தார். திராவிடக் கருதுகோளை ஏற்காதவர்களும் அவருடைய எண் குறியீடுகளையே இன்றும் பயன்படுத்துகின்றனர். பின்னர்த் தம் சிந்துவெளித் தொகுப்புகளை ரோஜா முத்தையா நூலகத்திற்கு அளித்தார். 2007இல் அங்கே சிந்துவெளி ஆய்வு மையம் உருவாயிற்று. சொல்லடைவும் இணையவடிவம் பெற்றது. அவரும் பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர், ஆட்சிப்பணி அலுவலர்.

கல்வெட்டியலில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஹுல்ஷ் 1886இல் பணியேற்றுத் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை 1890இல் வெளியிட்டார். ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட மைப்படிகளுள் பெருந்தொகையானவை ஆண்டறிக்கைச் சுருக்கத்தோடு நின்று, உதகையிலும் பின்னர் மைசூரிலும் தங்கின. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் தந்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு அச்சில் வெளிவந்த கல்வெட்டுகளைக் கொண்டே சோழர் சமூக வரலாற்றை எவ்வளவு மாற்றி எழுதலாம் எனக் காட்டியது. அச்சேறாதவை எதைக் காட்டும் என்ற வினா அப்படியே இருந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை ஆறு மாதங்களில் சென்னைக்கு மாற்ற ஆணையிட்டது. ஆய்வுத் தரவைக் காண்பதற்கு நீதிமன்றம்வரை செல்ல நேர்ந்தது ஓர் ஆய்வுப் புலத்திற்குப் பெருமை தருவதன்று. அத்துடன், இடமாற்றம் வேறு, திறத்தல் வேறு.

ஆய்வேடுகளும் அவற்றின் உள்ளடக்கமும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை, பட்டம் அறிவித்த முப்பது நாள்களுக்குள் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கக் கூறியது. இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா இதனால் வளர்ந்து ஐந்து இலட்சம் ஆய்வேடுகளைக் கடந்துள்ளது. பட்டத்தோடு கட்டப்பட்டதால் மட்டுமே இது நடந்தது. அறிவுரையாக விடப்பட்டிருந்தால் பத்தில் ஒன்றுகூட வந்திருக்காது என்பதை நம் துறைகளின் இயல்பறிந்தவர்கள் ஒப்புவர்.

ஆயினும் தமிழ் ஆய்வேடுகளைப் பொறுத்தவரை திறப்பு பாதியளவே. பல ஏடுகள் படிமக் கோப்புகளாக உள்ளன. வேறு பல, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்திருப்பதால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடினால் கிடைப்பதில்லை. படியெடுத்தால் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாக விழுகின்றன. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை 2010இல் தரமாக ஏற்றது. அதற்குப் பின் வந்த ஏடுகளிலும் இக்குறை நீடிப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் சொல்ல இயலாது. ஒப்படைப்பைச் சரிபார்க்கும் அலுவலர் பக்க எண்ணைப் பார்க்கிறார்; எழுத்துருவைப் பார்ப்பதில்லை.

ஆய்வியல் நிறைஞர் ஏடுகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. பல பத்தாண்டுகளாகத் தமிழ்த்துறைகளில் ஊர்ப்பெயர்கள், வட்டார வழக்குகள், ஒப்பாரி, தாலாட்டு, கோயில் வழக்குகள் எனத் திரட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி இவ்வேடுகளின் பின்னிணைப்புகளில்தான் உள்ளது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்பட்டத்தையே நிறுத்திவிட்டன. பாடிய மூதாட்டிகள் இன்று இல்லை. பாட்டு ஒரு துறை நூலகத்தின் இரும்பு அலமாரியில் ஒரே படியாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தை எண்ணினால் 'ஒரே படி' என்ற சொல் தரும் அச்சம் புரியும்.

இதழ்களும் மதிப்பெண்களும்

திறந்த அணுக்கம் என்றாலே விரிவுரையாளர் பலர் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. 2010ஆம் ஆண்டு மானியக் குழு விதிகள் பணி உயர்வை வெளியீட்டு மதிப்பெண்ணோடு இணைத்தன. தொகை பெற்றுக்கொண்டு, மதிப்பாய்வின்றி அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் 'கேர்' பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. இப்போது இதழின் தரத்தை முடிவுசெய்யும் பொறுப்பு பல்கலைக்கழகங்களிடமே திரும்பியுள்ளது. இதைச் சுமையாகக் கருதாமல் வாய்ப்பாகக் கொள்ளலாம். மதிப்பாய்வு நடந்ததா, கட்டுரையாளரிடம் கட்டணம் பெறப்படுகிறதா, தரவு இணைக்கப்பட்டுள்ளதா என்ற மூன்று வினாக்களைத் தேர்வுக்குழு கேட்கத் தொடங்கினாலே போலி இதழ்களின் சந்தை சுருங்கும்.

ஒன்றிய அரசு 2024 நவம்பரில் ஏற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. பெரும்பாக்கத்திலுள்ள அரசு கலை அறிவியல் கல்லூரி போன்றவற்றின் மாணவர்களுக்கு இது பெரும் பேறு. தாம்பரம் வட்டாரமெங்கும் பெருகியுள்ள சுயநிதிக் கல்லூரிகள் இவ்வரம்புக்கு வெளியே நிற்கின்றன. மேலும், இது பிறர் எழுதியதை நாம் வாசிப்பதற்கான வழி. நாம் எழுதியதைப் பிறர் வாசிப்பதற்கு இதில் வழியில்லை.

பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கவை

வரலாறு காட்டும் பாங்கு இதுதான்: நூல்களைத் திறந்தவர்கள் வெளியே இருந்தனர், பல்கலைக்கழகம் விதியோடு பிணைந்தபோது மட்டும் அசைந்தது. எனவே விதியிலிருந்தே தொடங்க வேண்டும். முனைவர் பட்ட ஒப்படைப்பில் ஆய்வேட்டின் ஒருங்குறிக் கோப்பும், அதன் அடிப்படைத் தரவும் தனித்தனியே பெறப்பட வேண்டும். சங்க இலக்கியச் சொல்லாய்வு செய்பவர் ஐந்தாண்டு உழைத்து உருவாக்கிய சொல்லடைவுகள் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அவருடைய கணினியோடு மறைகின்றன. அடுத்த ஆய்வாளர் அதே சொற்களை மீண்டும் எண்ணுகிறார். தரவுத் தொகுப்பைத் தனி வெளியீடாக மதித்து மதிப்பெண் அளித்தாலொழிய யாரும் அதைத் தர முன்வரார். தொகுப்பது இரண்டாந்தரப் பணி என்ற எண்ணம் தமிழ்த்துறைகளில் ஆழமாக இருக்கிறது. மகாதேவனின் எடுத்துக்காட்டு இருந்தும் அது மாறவில்லை.

பெரும்பாக்கம் நிறுவனம் தொல்காப்பியம் முதலாக 41 நூல்களைச் செவ்வியல் நூல்களாக வரையறுத்துச் செம்பதிப்புப் பணியை மேற்கொண்டுள்ளது. ஒவ்வொரு பதிப்பின் பாடபேதங்களும் சுவடி எண்ணோடும் படிமத்தோடும் தேடத்தக்க வடிவில் வெளிவருமானால், பதிப்பின் முடிவை எந்தக் கல்லூரி மாணவரும் சோதிக்கலாம். இதற்குப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஆளுக்கொரு நூலின் மெய்ப்பையும் குறிப்பையும் ஏற்கலாம். மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் செய்ததை முதுகலைப் பாடத்தின் ஒரு தாளாக ஆக்குவது கடினமன்று. சுவடிப்பயிற்சி தாமே கிட்டும்.

அனைத்தையும் திறந்துவிட முடியாது என்பதும் உண்மை. குடும்பச் சுவடிகளுக்கு உரிமையாளர் உண்டு. களத்தில் பேசியவருக்கு மறைவுரிமை உண்டு. நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட மக்களிடம் வினாநிரலோடு வந்துபோன ஆய்வாளர்கள் பலர். அங்கே வாழ்வோரின் பெயரும் வீட்டெண்ணும் இணையத்தில் ஏறக்கூடாது. ஆனால் அவ்வாய்வு கண்டது என்ன என்பது, பேசியவர்கள் படிக்கும் மொழியில், அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். யுனெஸ்கோ பரிந்துரை இவ்விரண்டிற்கும் இடமளிக்கிறது. களப்பணிக்கு ஒப்புதல் படிவம் வாங்கும் துறைகள் அதில் தரவின் வருங்காலத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. எது திறக்கப்படும், எது எத்தனை ஆண்டு மூடியிருக்கும், யார் காப்பாளர் என்னும் மூன்றும் அப்படிவத்தில் இடம்பெற வேண்டும்.

உடனடியாகத் தொடங்கக்கூடியது நிறைஞர் ஏடுகளின் பணி. ஒவ்வொரு துறையும் தன் அலமாரியிலுள்ள ஏடுகளின் தலைப்பு, ஆண்டு, களம், பின்னிணைப்பின் தன்மை ஆகியவற்றை ஒரு பட்டியலாக வெளியிடலாம். ஏடு எழுதியவர்களுள் பலர் இன்று அதே மாவட்டங்களில் ஆசிரியர்களாகவும் விரிவுரையாளர்களாகவும் உள்ளனர், அவர்களிடம் இசைவு பெறுவது எளிது. ஒலிநாடாக்கள் சில அவர்கள் வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். நாடாவின் காந்தப்பூச்சு உதிர்வதற்குள் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.